பாதியில் போர்த்திய பொன்னாடை

1

போன மாதம் ஒரு புதன்கிழமை, வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மகள் நிவேதா வந்து கதவோரம் நின்றாள்.

"அப்பா, வாற மாசம் சோலோதுர்னில வாசிக்கிறன். தனிய, முழுசா."

சந்தோஷத்தில் ஒற்றைச் சப்பாத்தோடு எழுந்துவிட்டேன்.

"நீங்கள் வர வேண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை. குடை எடுத்தாச்சோ என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். நானும் "ஓம்" என்று சொல்லிவிட்டு மற்றச் சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். பஸ்ஸில் இரண்டு தரிப்பிடம் தாண்டித்தான் எதற்கு ஓம் சொன்னேன் என்பது உறைத்தது.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். நான் சுவிஸில், வின்டர்தூர் நகரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. மனைவி வதனி ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்கிறாள். எங்களுக்கு ஒரே பிள்ளை, பத்தொன்பது வயது. பியானோ நன்றாக வாசிக்கிறாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோரும் சொல்கிறார்கள் என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் கேட்டது மிகக் குறைவு.

எங்கள் கட்டடத்தில் வீட்டு ஒழுங்குகளை ஒரு தாளில் அச்சடித்து, கீழ்வாசலில் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். யார் எந்தக் கிழமை உடுப்புத் தோய்ப்பது, எந்த நேரத்தில் சத்தம் போடக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எங்களிடம் இருப்பது மின்சாரப் பியானோ. மேல்வீட்டு மனிசி இரண்டு முறை கடிதம் எழுதினார். இரண்டையும் "அன்பான வாழ்த்துகளுடன்" என்றுதான் முடித்திருந்தார். அதிலிருந்து நிவேதா காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டுதான் வாசிக்கிறாள். சங்கீதம் முழுவதும் அவள் காதுக்குள் போய்விடும். எங்களுக்குக் கிடைப்பது கட்டைகள் அடிபடுகிற சத்தம்தான். டக், டக், டகடகடக. பத்து வருஷமாக என் மகளின் சங்கீதம் எனக்குச் சமையலறையில் லீக்ஸ் மரக்கறி வெட்டுகிற சத்தமாகத்தான் இருக்கிறது.

2

அவள் மூன்று வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த நீண்ட உருப்படி, இருநூறு வருஷத்துக்கு முன்பு பிறந்த ஒரு ஹங்கேரிக்காரர் எழுதியது. அரை மணி நேரம், நடுவில் இடைவெளியே இல்லை. அவருடைய பெயரை எழுதலாம்தான். ஆனால் எப்படி எழுதினாலும் மகள் அது பிழை என்பாள். ஊரில் ஆட்களைக் காரைநகரார், புங்குடுதீவார் என்று சொல்கிற முறையில் இவரை ஹங்கேரியார் என்று வைத்துக்கொள்வோம்.

போன வருஷம் இசைப்பள்ளிப் படிப்பு முடிகிறபோது, அங்குள்ள சின்ன மண்டபத்தில் அவள் தனியாக வாசிக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்தார்கள். கடைசி உருப்படி ஹங்கேரியாருடையது. பியானோ ஆசிரியை என்னிடம் கேட்டார், "குடும்பம் வருமா?" வரும் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். குடும்பம் வந்தது. நூற்றுப்பத்துப் பேர்.

என்னைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். இங்கே ஒவ்வொரு சனி ஞாயிறும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். சூரிச்சோ பேர்னோ, பட்டுச் சேலையும் வேட்டியுமாக நாங்கள் போகாத அரங்கேற்றம் இல்லை. எல்லோர் வீட்டு விசேஷத்திலும் முன்வரிசையில் இருந்துவிட்டு, எங்கள் பிள்ளையின் முறை வருகிறபோது கதவைச் சாத்திக்கொண்டு இருக்க முடியுமோ? ஆகவே 'பியானோ அரங்கேற்றம்' என்று தலைப்புப் போட்டு அழைப்பிதழ் அடித்தேன். மேலே பிள்ளையார், கீழே பியானோ. வதனிக்கு அது பிடிக்கவில்லை. "அந்த ரீச்சரிட்டக் கேட்டனீங்களோ?" என்றாள். கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

நிகழ்ச்சியை நடத்தியவர் தவம் அண்ணை. ஓர்லிகோனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். எங்கள் ஆட்களின் மேடை எங்கே இருந்தாலும் ஒலிவாங்கி அவர் கையில்தான். அன்று சொந்த ஒலிவாங்கியையே கொண்டு வந்துவிட்டார். மண்டபத்துக் காவலாளி நெருப்புக் கூடாது என்று மறித்ததால், குத்துவிளக்கில் பற்றரி விளக்குப் பொருத்தி ஏற்றினோம். அறுபது கதிரை போக மீதிப் பேர் சுவரோடு நின்றார்கள். பின்மேசையில் மட்டன் ரோல்ஸ் மூன்று தட்டு. ஆசிரியை வாசலில் நின்று எல்லோரையும் பார்த்துவிட்டு, "பெரிய குடும்பம்" என்றார்.

நிவேதா வந்து உட்கார்ந்தாள். கறுப்புச் சட்டை. வதனி கெஞ்சியதற்காகத் தலையில் ஒரு முழம் மல்லிகை. ஹங்கேரியாரின் உருப்படி மெல்லத் தொடங்கியது, பிறகு இடி இடித்தது, பிறகு அழுதது. பத்து வருஷம் நான் கேட்ட டக் டக்குக்குள் இதுவா இருந்தது? பதினைந்து நிமிஷம் இருக்கும். எல்லாம் படிப்படியாக அடங்கி, ஒரு மெல்லிய சுரத்தில் போய் நின்றது. அவளுடைய கைகள் கட்டைகளுக்கு மேலே அப்படியே நின்றன. மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை.

எங்கள் கச்சேரியில் மங்களம் பாடினால் முடிந்தது என்று குழந்தைக்கும் தெரியும். ஹங்கேரியார் மங்களம் வைக்கவில்லை.

"ஆகா, அற்புதம்!" என்று ஒலிவாங்கியில் தவம் அண்ணையின் குரல் முழங்கியது. "இப்பொழுது செல்வியின் தந்தையார் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பார்!" கைதட்டல் கூரையைத் தூக்கியது. மடித்த பொன்னாடையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நான் படியேறினேன். கமெராக்காரர் விளக்கைத் திருப்பினார். நிவேதா என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். எழுந்து, கை கூப்பி, தலை குனிந்தாள். போர்த்தினேன். சபையை வணங்கிவிட்டு, பொன்னாடையோடு உள்ளே போனாள். அதன் பிறகு எல்லோரும் ரோல்ஸ் சாப்பிட்டார்கள்.

3

மூன்று நாள் நான் மிதந்துகொண்டு திரிந்தேன். வேலையிடத்தில் எல்லோருக்கும் படம் காட்டினேன். நான்காம் நாள் மண்டபத்துக் கதவுத் திறப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, மிஞ்சின ரோல்ஸில் கொஞ்சம் ஆசிரியைக்கும் கொண்டு போனேன்.

அவர் வாங்கி வைத்துவிட்டு, "இரண்டாம் பாதிதான் பாவம்" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் இசைப் புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார். நிவேதா எழுந்த இடம் அது. விரலுக்குப் பின்னால் இன்னும் அவ்வளவு தாள் இருந்தது. ஆசிரியை ஏசவில்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

வீட்டில் நிவேதாவின் அறைக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே டக், டக். பிள்ளையிடம் தமிழில் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் பழகவில்லை. டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், கேட்டால் பஸ்ஸில் ஒருவரின் காலை மிதித்ததற்குக் கேட்பது போல இருக்கும். கடைசியில் கதவைத் தட்டி, "தேத்தண்ணி குடிக்கிறியோ?" என்று கேட்டேன்.

"குடிப்பம்" என்றாள். குடித்தோம்.

வெட்கத்தை விட எனக்குப் பிடிபடாதது இதுதான். பாதிதான் முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். ஒரு கை காட்டியிருந்தால் நான் நின்றிருப்பேன். ஏன் எழுந்தாள்? கோபத்திலா? இந்தச் சனத்துக்குப் பாதி போதும் என்றா? ஒரு வருஷமாக இந்தக் கேள்வியோடு லீக்ஸ் வெட்டினேன். இப்போது வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். பாதிப் பாட்டைக் கேட்ட தகப்பனாகவே நான் இருந்து முடிந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

4

பிள்ளையிடம் கேட்க முடியாததை ஹங்கேரியாரிடம் கேட்கலாம் என்று நகர நூலகத்துக்குப் போனேன். என் டொச்சுக்கு ஏற்றது பத்து வயதுப் பிள்ளைகளின் புத்தகம்தான். பெரிய எழுத்து, நிறையப் படம். அதை முடித்துவிட்டு ஒரு தடித்த புத்தகத்தையும் எடுத்தேன். அகராதி வைத்துக்கொண்டு நாளுக்கு இரண்டு பக்கம். வாசிக்க வாசிக்கக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அவருடைய தகப்பன் ஒரு பிரபுவின் பண்ணையில் ஆட்டு மந்தைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். தானும் இசையோடு வாழ ஆசைப்பட்டு, முடியாமற் போனவர். மகனுக்குக் கை வருகிறது என்று கண்டதும், இருந்த வேலையை விட்டுவிட்டுப் பெடியனைக் கூட்டிக்கொண்டு வியன்னாவுக்கும் பிறகு பாரிசுக்கும் போனார். பாரிசின் பெரிய இசைக் கல்லூரியில், வெளிநாட்டவர்களைச் சேர்ப்பதில்லை என்று கதவை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். நான் வந்த புதிதில், உன்னிடம் இருக்கிற அகதி அட்டைக்குத் தொழில் படிக்க அனுமதி இல்லை என்று ஒரு யன்னலுக்குப் பின்னால் இருந்து சொன்னவரின் கண்ணாடி ஞாபகம் வந்தது. மகனுக்குப் பதினைந்து வயதாக இருக்கிறபோது தகப்பன் செத்துப்போனார். தடித்த புத்தகத்தில்கூட அவருக்குக் கொஞ்சப் பக்கம்தான்.

பிறகு ஹங்கேரியார் ஒரு சீமாட்டியோடு ஜெனீவாவுக்கு ஓடி வந்தார். அங்கே பிள்ளை பிறந்தபோது பதிவில் தாயின் பெயரும் வயதும் பொய்யாம். இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நான் இருந்த அகதி முகாமில் பதிவின்படி பாதிப் பேர் ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்கள்.

எனக்குக் குழப்பம் வந்த இடம் வேறு. மேடையில் ஒருவர் தனியாக ஒரு முழுக் கச்சேரி செய்வதை ஊருக்கெல்லாம் பழக்கிவிட்டவர் இவர்தான். முகம் சபைக்குத் தெரிய வேண்டும் என்று பியானோவைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தவரும் இவர்தான். தாளைப் பார்க்காமல் வாசித்தார். பெண்கள் மயங்கி விழுந்தார்கள், அவருடைய கையுறைக்குச் சண்டை பிடித்தார்கள், குடித்து எறிந்த சுருட்டைக்கூட எடுத்து வைத்தார்களாம். இவ்வளவு ஆரவாரத்தைத் தொடக்கியவரின் பாட்டை இன்று எல்லோரும் வைத்தியசாலை வரிசையில் இருப்பது போல மூச்சு விடாமல் கேட்கிறார்கள். அப்படியானால் நான் போர்த்திய பொன்னாடை மட்டும் எப்படிக் குற்றமானது?

இன்னொன்றையும் வாசித்தேன். புகழோடு சொந்த நாட்டுக்குப் போனபோது, அவருடைய ஆட்கள் மேடையில் வைத்து அவருக்கு ஒரு வாள் பரிசளித்தார்கள். கல் பதித்த வாள். பியானோக்காரனுக்கு!

உடனே தவம் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"வாளோ?" என்றார். "அப்ப நாங்கள் சால்வையோட நிண்டது மரியாதையெல்லோ! நீர் ஏன் காணும் இதை மனசில போட்டு உருட்டுறீர்? சத்தம் நிண்டால் முடிஞ்சுதெண்டுதானே ஆரும் நினைப்பினம்."

"முடியேல்லை அண்ணை. பாதி இருந்தது."

தவம் அண்ணை பேசாமல் இருந்து நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

5

அந்த வாளுக்கு ஹங்கேரியார் நன்றி சொன்னது பிரெஞ்சு மொழியில். அவருக்கு ஹங்கேரி மொழி வராது. வீட்டில் டொச், பிறகு பிரெஞ்சு. ஆனாலும் கடைசி மட்டும் நான் ஹங்கேரியன், நான் ஹங்கேரியன் என்றே சொல்லித் திரிந்தார்.

இதை வாசித்த கிழமைதான் நிவேதா இசை உயர்கல்லூரிக்கு விண்ணப்பம் நிரப்பினாள். மேசையில் கிடந்த படிவத்தை எட்டிப் பார்த்தேன். தாய்மொழி என்ற கட்டத்தில் டொச் என்று எழுதியிருந்தாள்.

"ஏன் பிள்ளை இப்பிடிப் போட்டனி?"

"அதிலதானே யோசிக்கிறன் அப்பா."

"கனவு காணுறது எதில?"

யோசித்துவிட்டுச் சொன்னாள். "என்ர கனவில ஆக்கள் கதைக்கிறேல்ல. வாசிக்கிறதுதான்."

கோபப்படுவதா, பெருமைப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுடைய சிநேகிதிகள் வந்தால் "நான் தமிழிச்சி" என்று டொச்சில்தான் சொல்கிறாள், ஆனால் அடித்துச் சொல்கிறாள். ஹங்கேரியாரை அவருடைய சனம் வாள் கொடுத்து ஏற்றுக்கொண்டது. நான் அந்தப் படிவத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

6

சோலோதுர்னுக்கு ஒரு கிழமை இருக்கும்போது, சனிக்கிழமை காலையில் வீடு கூட்டினேன். எங்கள் வீட்டில் தூசி உறிஞ்சி என் வேலை. நிவேதாவின் அறைக்குள் போனபோது பியானோவின் கட்டைகளை மூடி ஒரு துணி விரித்திருந்தது. தங்கக் கரை. பொன்னாடை.

எறிந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். தூசி உறிஞ்சியை நிறுத்தினேன். கட்டிலில் இருந்து படித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"தூசி பிடிக்காது. நல்ல துணி" என்றாள்.

இனியும் கேட்காவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது.

"அண்டைக்கு ஏன் எழும்பினனி, பிள்ளை? பொறுங்கோ, முடியேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்லுறது?" என்றாள். "நீங்கள் சிரிச்சுக்கொண்டு வந்தனீங்கள்."

நான் தூசி உறிஞ்சியின் குழாயைக் கீழே வைத்தேன்.

"நான் வாசிச்சுக்கொண்டே இருந்திருந்தால் நீங்கள் நடுமேடையில சால்வையோட நிண்டிருப்பியள். நூறு பேர், கமெரா வேற. அப்பா பிழை விட்டிட்டார் எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். எழும்பினதால எனக்கும் ரீச்சருக்கும் மட்டும்தான் தெரியும்."

"ரெண்டு வருஷம் பழகினது, பிள்ளை."

"ஓம். வீட்டை வந்து அழுதனான்."

அந்த அழுகையும் ஹெட்ஃபோனுக்குள் போய்விட்டது போலும், எங்களுக்குக் கேட்கவில்லை. என் பிள்ளை என் மானத்தைக் காப்பாற்றத் தன் பாட்டைப் பாதியில் விட்டிருக்கிறாள். அவள் எங்களை விட்டு விலகிப் போகிறாள் என்று நான்தான் ஒரு வருஷமாக வதனியிடம் முறைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"அதுக்காகத்தான் சோலோதுர்னுக்கு வர வேண்டாம் எண்டனான்" என்றாள். "நீங்கள் இருந்தால் நான் உங்களைத்தான் பாப்பன். நீங்கள் சிரிச்சால் நான் திரும்பவும் எழும்பிப் போடுவன். எனக்கு என்னில நம்பிக்கை இல்லை அப்பா."

"நான் சிரிக்க மாட்டன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்து, விரல் மடித்து நிபந்தனை சொன்னாள். நானும் அம்மாவும் மட்டும். அழைப்பிதழ் இல்லை. தவம் மாமாவுக்குச் சொல்லக் கூடாது. அது ஒரு சின்னத் தேவாலயம், நடுவில் தூண்கள் உண்டு, ஒரு தூணுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

"முடிஞ்சதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"என்ர கை மடிக்கு வந்தால் முடிஞ்சுது."

7

வின்டர்தூரிலிருந்து சோலோதுர்ன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். ரயிலில் வதனி எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தாள், எழும்பக் கூடாது, இருமக் கூடாது, தட்டக் கூடாது. அவளும் தலையில் பூ வைக்கவில்லை.

சொன்னபடி தூணுக்குப் பின்னால் இருந்தோம். நிவேதா வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் பிழை விளங்கியது. அவளுக்கு என்னைத் தெரியாத இடத்தில் இருந்தால் எனக்கும் அவளைத் தெரியாது. மடியும் தெரியாது, கையும் தெரியாது. இடம் மாறவும் முடியாது, தொடங்கிவிட்டாள்.

இடி வந்தது. அழுகை வந்தது. பிறகு அந்த மெல்லிய சுரம் வந்து நின்றது. வதனி என் கையைப் பிடித்தாள். ஒருவரும் அசையவில்லை. எங்கோ ஆழத்திலிருந்து மீண்டும் தொடங்கியது.

அந்த இரண்டாம் பாதியை எனக்குச் சொல்லத் தெரியாது. கோபம் இருந்தது. ஓட்டம் இருந்தது. முதற் பாதியில் வந்தவையே திரும்ப வந்தன, ஆனால் அலைந்து களைத்து வந்தன. ஹங்கேரியார் இதை எழுதியபோது மேடைக் கச்சேரிகளையெல்லாம் விட்டுவிட்டிருந்தார். முப்பத்தைந்து வயதில், உச்சத்தில் இருக்கும்போதே கச்சேரி செய்வதை நிறுத்தியவர். இவ்வளவு கைதட்டல் கேட்ட மனிசன், தட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஆட்கள் திண்டாடுகிற ஒன்றை ஏன் எழுதினார் என்பது தடித்த புத்தகத்திலும் இல்லை. கடைசியில் எல்லாம் அடங்கி, அடியில் ஒரேயொரு சுரம் மெல்ல ஒலித்தது.

நிசப்தம். நான் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீண்ட நேரம் கழித்து ஆட்கள் தட்டினார்கள். நான் நம்பவில்லை. இவர்களும் எங்களைப் போலப் பிழை விடுகிறார்களோ, இன்னும் தாள் மிச்சம் இருக்குமோ என்று இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமர்த்திக்கொண்டேன். வதனி எழுந்துவிட்டாள். நான் எழவில்லை.

தட்டல் ஓய்ந்து கதிரைகள் நகர்ந்தன. தூணைச் சுற்றி நிவேதா வந்தாள். நெற்றி முழுக்க வியர்வை. அப்போதும் கைகள் மேல் இருந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து, முன்னால் குந்தினாள்.

"அப்பா, முடிஞ்சுது" என்றாள். "இனிச் சிரிக்கலாம்."

எனக்குச் சிரிக்க வரவில்லை.